அனுமதிக்கு ஒரு விலை, வெள்ளத்துக்கு ஒரு விலை: பிங்கா ஓயாவின் கணக்கை யார் தீர்ப்பது?

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கிறது. வயதான உம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை எடுக்க வேண்டுமென்றால் அந்த மேட்டில் கொஞ்சம் வெட்டி, தாங்குசுவர் ஒன்று கட்டியாக வேண்டும். நான் ஓர் ஆசிரியர். பிள்ளைகளுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லிக் கொடுக்கும் நாம் முறைப்படி அனுமதி எடுத்துவிட்டே கட்டுவோம் என்று ஒரு கோவையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

விண்ணப்பப் படிவத்தின் விலை பெரிதில்லை. பரிசீலனைக் கட்டணமும் தாங்கக்கூடியதே. ஆனால் படிவத்தோடு நில அளவையாளரின் வரைபடம் வேண்டும். காணி சரிவில் இருப்பதால் மண்சரிவு அபாயம் பற்றிய அறிக்கை வேண்டும். சுவரின் உயரத்தைப் பார்த்துவிட்டு, பட்டயப் பொறியியலாளரின் கையொப்பமும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம், தனித்தனி நாள், தனித்தனிப் பணம். முதல் கல்லை வைப்பதற்கு முன்பே என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கடதாசிகளுக்குப் போய்விட்டது. பாடசாலையில் எடுத்த லீவுகள் தனி.

நான்காவது முறை போனபோது கருமபீடத்தில் இருந்தவர் அனுதாபத்தோடு சொன்னார்: "சேர், நீங்கதான் இவ்வளவு அலையிறீங்க. மத்தவங்க கட்டிட்டுத்தான் வருவாங்க."

அந்த ஒரு வசனத்தில் நமது மலைநாட்டு ஊர்களின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வெள்ளம் எப்படி வருகிறது?

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் அக்குறணை நகரைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. நகரின் ஓரமாகப் பிங்கா ஓயா ஓடுகிறது. அது கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக இறங்கி மகாவலி கங்கையில் சேர்கிறது. சாதாரண நாட்களில் பிள்ளைகள் காலை நனைத்துக் கடக்கக்கூடிய சிறு ஓடைதான். மலைப்பக்கம் ஓரிரு மணி நேரம் கடும் மழை கொட்டினால் அதே ஓடை கடைகளுக்குள் புகுந்துவிடும். வீதி மூடப்படும். வியாபாரிகள் பொருட்களை மேல்மாடிக்கு ஏற்றும் காட்சி நமக்கு ஒரு வழமையாகவே ஆகிவிட்டது.

இதில் மர்மம் எதுவுமில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் ஒரு கணக்கை இங்கேயும் சொல்கிறேன். ஒரு பேர்ச் என்பது சுமார் 25.3 சதுர மீற்றர். 10 பேர்ச் காணி முழுவதையும் கூரையாலும் சீமெந்து முற்றத்தாலும் மூடிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றருக்கு மேல் தண்ணீர் சேரும். வீட்டுக் கூரைகளில் நாம் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கிகளில் இருபத்தைந்து! முன்பு அதே காணியில் பலா, கிராம்பு, மிளகு நின்றபோது அதில் ஒரு பங்கை மண் குடித்தது. மீதி மெதுவாக இறங்கியது. இன்று அவ்வளவும் சில நிமிடங்களில் கானுக்கும், கானிலிருந்து ஓயாவுக்கும் போகிறது. இப்படி எத்தனை ஆயிரம் கூரைகள்! அதே நேரத்தில் ஓயாவின் அகலம் இரு கரைகளிலும் குறைந்திருக்கிறது. வரும் தண்ணீர் கூடியது, போகும் வழி குறைந்தது. மிச்சம் இருப்பது நம் கடைகளும் வீடுகளும்தான்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இந்தக் கணக்கை நாடு முழுவதற்கும் காட்டிவிட்டுப் போனது. 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது கண்டி. ஓயாக்கரைகளில் வெள்ளம், மேலே சரிவுகளில் மண்சரிவு. இரண்டுமே ஒரே நீரேந்துப் பகுதியின் இரண்டு முனைகள்.

பொறுப்பு யாருடையது?

பிங்கா ஓயாவுக்கென்று ஒரு சபை இல்லை. கட்டட அனுமதி பிரதேச சபையிடம் இருக்கிறது. அதன் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலும், 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலும் இருந்து வருகிறது. பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் பொருந்தும். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டுமென 2011ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. மண் பாதுகாப்புக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. வெள்ளப் பாதுகாப்புக்கு 1924ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். பிரதான வீதியும் பாலங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். ஓயா ஒதுக்குக் காணி என்றால் பிரதேச செயலகம். தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் மகாவலி அதிகார சபை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவர்களில் எவருமே, "இந்த ஓயா பெருக்கெடுத்ததற்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை. விண்ணப்பதாரனுக்கு மட்டும் எல்லோரும் இருக்கிறார்கள்.

சில நாடுகளில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் நீரேந்து மாவட்டங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றின் எல்லையைத் தீர்மானிப்பது தேர்தல் தொகுதியோ பிரதேச சபையோ கிடையாது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுவே எல்லை. அந்தச் சபை மண் வெட்டுவதற்கும் கரையைத் தொடுவதற்கும் அனுமதி வழங்குகிறது. அதற்குக் கட்டணமும் வாங்குகிறது. ஆனால் தளப் பரிசோதனைக்கு வாங்கும் பணம் அந்தப் பரிசோதனைக்கு உண்மையில் ஆகும் செலவோடு கட்டப்பட்டிருக்கிறது. செலவு எவ்வளவோ அவ்வளவு. அந்த வேலைக்கே அந்தப் பணம். அவர்களுடைய ஏரிகளும் நமது மலைகளும் ஒன்றல்ல. அவர்களுடைய சட்டத்தை அப்படியே கொண்டுவர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நமக்கு அதில் இருக்கும் பாடம் சிறியது, ஆனால் முக்கியமானது: அனுமதிக்கு வாங்கும் பணம் எதற்கு, அது எங்கே போகிறது, அதனால் ஓயாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க ஒரு முகவரி வேண்டும்.

கட்டணம் சிறிது, செலவு பெரிது

பொதுவாக நாம் "கட்டணம் கூட" என்று குறைப்படுகிறோம். என் கோவையைத் திரும்பப் புரட்டிப் பார்த்தால் அது முழு உண்மையாக இல்லை. அரச கட்டணம் மொத்தத்தில் சிறிய பகுதிதான். பெரிய பகுதி பொறியியல் செலவு: அளவை, மண் பற்றிய அறிக்கை, வரைபடம், கையொப்பம். மூன்றாவது, யாரும் பற்றுச்சீட்டுத் தராத செலவு: அலைச்சல், இழந்த நாட்கூலி, காத்திருந்த மாதங்களில் ஏறிய சீமெந்து விலை.

இந்தப் பொறியியல் செலவுக்கு ஒரு குணம் உண்டு. கட்டடம் சிறிதானாலும் அது அதிகம் குறைவதில்லை. ஓர் உதாரணத்துக்கு மட்டும், இவை எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபா ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கோடி ரூபாவில் மாடிக் கடை கட்டுபவருக்கு அது மொத்தச் செலவில் அரை வீதம். 15 இலட்சத்தில் ஓர் அறை கட்டுபவருக்கு அது 10 வீதம். கடைக்காரர் அதைக் கவனிக்கவே மாட்டார். அறை கட்டுபவருக்கு அது கூரைத் தகட்டின் விலை.

என் பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ ஓட்டுபவர். என்னோடு அதே காலத்தில், அதே மேட்டில், அதே மேசன் பாஸைக் கொண்டு சுவர் கட்டினார். "அனுமதி எடுங்களேன் தம்பி" என்று ஒரு தடவை சொன்னேன். "அந்தக் காசுக்கு எத்தனை பெக்கெட் சீமெந்து வாங்கலாம் சேர்" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே, யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவருக்கே சட்டத்தைத் தாண்டிச் செல்லக் காரணம் அதிகம். அவரே பெரும்பாலும் மலிவான, செங்குத்தான, ஆபத்தான காணியிலும் இருக்கிறார். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது விலை கூடியதாக இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

இத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். ஓயாக் கரையை நெருக்கிக் கட்டியவர்கள் எல்லோரும் ஏழைகள் அல்லர். பொறியியலாளருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் யாரும் ஓயாவுக்கு மேலாகக் கொங்கிறீட் தட்டுப் போடுவதில்லை. அங்கே ஒரு அடி நிலத்தின் பெறுமதி எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். பிடிபட்டால் கட்டும் தண்டப்பணம் அந்தப் பெறுமதிக்கு முன்னால் ஒன்றுமில்லை என்பதும் தெரியும். கட்டி முடித்த பிறகு பணம் செலுத்திப் பெறும் "கவரிங் அப்ரூவல்" என்ற வழி ஒன்றும் இருக்கிறது. நியாயமான தவறுகளைச் சரிசெய்ய வைத்த அந்த வழி, வசதியுள்ளவருக்கு இன்னொரு கட்டணமாக மாறிவிடுகிறது.

ஒரே சட்டம் ஏழையைப் பயமுறுத்துகிறது, பணக்காரருக்கு விலைப்பட்டியலாகிறது. இதுதான் நோய். கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் இது தீராது. சிலருக்குக் குறைக்க வேண்டும். சிலருக்கு எவ்வளவு கட்டினாலும் கிடையாது என்று சொல்ல வேண்டும். ஓயாவின் ஒதுக்கு நிலம் விற்பனைக்குரியது அல்ல.

நமது சமூகத்துக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் அதை ஓர் இனத்தின் குற்றமாகப் பேசும் பழக்கம் முகநூலில் உண்டு. மேலே உள்ள மலைகளில் எல்லாச் சமூகத்தவரும் வாழ்கிறார்கள். எல்லோர் கூரையிலிருந்தும் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீருக்கு இனம் தெரியாது. ஆனால் இந்தப் பேச்சுக்கு நாம் கோபத்தால் மட்டும் பதில் சொல்ல முடியாது. யாருக்கு எந்த அடிப்படையில் அனுமதி கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்தால் அதுவே நமக்கு மிகப் பெரிய பாதுகாப்பு. மூடிய கதவுக்குள் வாங்கிய அனுமதி நாளை ஓர் அரசியல்வாதியின் கையில் ஆயுதமாகும். திறந்த பதிவேட்டை யாரும் அப்படிப் பயன்படுத்த முடியாது.

தோண்டுவது மட்டும் பொறியியல் அல்ல

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழும் முதல் கோரிக்கை ஓயாவைத் தோண்ட வேண்டும் என்பது. தோண்டத்தான் வேண்டும். ஆனால் மேலே வெட்டிய மேடுகளிலிருந்து மண் கழுவி வரும்வரை, இந்த வருடம் அள்ளிய மணல் அடுத்த வருடம் திரும்ப வரும். அகலப்படுத்துவதென்றால் 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் காணி எடுக்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். நகரின் நடுவில் அது இலேசான செலவல்ல.

இதற்கு மாறாக, மேலே ஒவ்வொரு கூரையிலும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை ஓய்ந்த பின் விடுவது மலிவான பொறியியல். ஆனால் இங்கேயும் எச்சரிக்கை தேவை. சமதரையில் நல்லதாக இருக்கும் உறிஞ்சு குழி, மண்சரிவு அபாயமுள்ள சரிவில் ஆளைக் கொல்லும். அங்கே தண்ணீரை மண்ணுக்குள் இறக்காமல் மூடிய கானில் பத்திரமாகக் கீழே கொண்டுவர வேண்டும். எந்த இடத்தில் எது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதனால்தான் பொறியியலாளரின் கையொப்பத்தை வெறும் கடதாசிச் சடங்காகப் பார்க்கக் கூடாது என்கிறேன். குறை அந்த அறிவில் இல்லை; அந்த அறிவு ஏழையின் வாசலுக்கு வராததில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடங்களுக்கு மேலாக நமது உள்ளூராட்சி மன்றங்கள் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் இயங்கின. 2025 மே 6ஆம் திகதி தேர்தலுக்குப் பிறகு இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டியவை சில:

முதலாவது, ஒவ்வொரு சபை வாசலிலும் ஒரே பலகையில், மும்மொழியிலும், என்ன அனுமதிக்கு என்ன கட்டணம், எந்தப் பத்திரங்கள், எத்தனை நாட்கள் என்று எழுதப்பட வேண்டும். அனுமதிக் கட்டணமாக வருடத்தில் சேர்ந்த தொகையும் அது செலவான விதமும் அதில் வர வேண்டும். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் இதுவரை ஒரு விண்ணப்பமாவது போட்டிருக்கிறோம்?

இரண்டாவது, சிறிய குடியிருப்புகளுக்கான பொறியியல் ஆலோசனை இலவசமாக, அல்லது பெயரளவுக் கட்டணத்தில் கிடைக்க வேண்டும். பெரிய வர்த்தகக் கட்டடங்களின் கட்டணத்திலிருந்து அதற்கு நிதி ஒதுக்கலாம். ஓயாவுக்கு அதிகம் தண்ணீர் அனுப்புபவர் அதிகம் கொடுப்பது அநீதி ஆகாது.

மூன்றாவது, ஒரே சரிவில் இருக்கும் இருபது வீடுகளுக்கு இருபது தனி அறிக்கைகள் எதற்கு? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1:10,000 அளவில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. அவற்றைச் சபைகளில் மக்கள் பார்க்கும்படி வைக்கலாம். அபாயம் குறைந்த இடங்களுக்கு நியம வரைபடங்களைக் கொடுக்கலாம். அபாயம் கூடிய இடங்களில் சரிவு முழுவதற்கும் ஒரே ஆய்வு செய்து செலவைப் பகிரலாம்.

நான்காவது, அக்குறணையும் அண்டைச் சபைகளும் கண்டி மாநகர சபையும் சம்பந்தப்பட்ட திணைக்களங்களும் பிங்கா ஓயாவுக்காக ஒரு கூட்டுக் குழுவாக அமர வேண்டும். மேலே அனுமதி கொடுக்கும் சபை கீழே மூழ்கும் நகரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது நமக்கு. வெள்ளம் வந்தால் சமைத்த உணவோடு முதலில் ஓடிவருபவர்கள் நமது ஜமாஅத்தினர். அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் வெள்ளத்துக்கு முன்னைய நாள் நாம் எங்கே இருக்கிறோம்? பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு சிறு நிதியை ஒதுக்கி, வறிய குடும்பங்களின் பொறியியல் அறிக்கைக்குக் கர்ழன் ஹஸனாவாகக் கடன் கொடுக்கலாம். நம் ஊர்களில் பொறியியலாளர்களுக்குப் பஞ்சமில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் இரண்டு மணி நேரம் பள்ளிவாசலில் இருந்து ஆலோசனை சொன்னால் எத்தனை சுவர்கள் தப்பும்! பள்ளிவாசல், மதரஸா, பாடசாலைக் கட்டடங்களும் இதே அனுமதி வரிசையில் முதலில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் சரியாக நின்றால்தான் பின்னால் ஸப்பு நேராகும்.

இரண்டு சுவர்கள்

என் கதைக்குத் திரும்புகிறேன். அத்தனை அலைச்சலுக்குப் பிறகு வந்த பொறியியலாளர் என் சுவரில் செய்யச் சொன்ன மாற்றம் ஒன்றுதான். சுவரின் பின்னால் கல்லும் சரளையும் நிரப்பி, வரிசையாகத் தண்ணீர் வடியும் துளைகள் வைக்கச் சொன்னார். மேசன் பாஸ் வேண்டாவெறுப்பாகச் செய்தார்.

நவம்பர் மழையில் அந்தத் துளைகளிலிருந்து இரவு முழுவதும் தண்ணீர் பீறிட்டது. சுவர் நின்றது. பக்கத்து வீட்டுத் தம்பியின் சுவரில் துளைகள் இல்லை. விடியற்காலையில் அது குசினிக்குள் சரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் முன்னறையில் படுத்திருந்தார்கள்.

அவருக்கும் எனக்கும் இடையில் இருந்த வித்தியாசம் சில அங்குலக் குழாய்த் துண்டுகள்தான். அந்தத் துண்டுகளுக்கு ஆகும் செலவு ஒரு பெக்கெட் சீமெந்து விலைகூட இல்லை. அதைச் சொல்லும் ஒரு மனிதரை வாசலுக்கு அழைத்துவர ஆகும் செலவுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. முற்றாகச் சேதமடைந்த வீடொன்றை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபா வரை கொடுப்பதாக அரசாங்கம் இப்போது அறிவித்திருக்கிறது. அது நல்லது, அவசியமானது. ஆனால் அழிந்த பிறகு 50 இலட்சம் கொடுக்க முன்வரும் ஒரு நாடு, அழியுமுன் ஓர் ஆலோசனையை இலவசமாகக் கொடுக்க முடியாதா?

தம்பி இப்போது மீண்டும் சுவர் கட்டத் தயாராகிறார். இந்த முறை என் பொறியியலாளரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டணத்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. கேட்கும்போது என்ன சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதிலை நான் ஒருவன் மட்டும் தேடக் கூடாது. நமது சபைகளும், நமது பள்ளிவாசல்களும், இதை வாசிக்கும் நீங்களும் சேர்ந்து தேட வேண்டும். அடுத்த மழைக்கு அதிக நாள் இல்லை.